ஆட்டக்காரர் ஆசானாதல்

ஒரு கலையில் வல்லவர், அக்கலையைப் பிறர்க்குக் கற்பிப்பதிலும் வல்லவராகவே இருப்பர் என்று கொள்வது உலக வழக்கு. இக்கொள்கை எந்த அளவுக்கு உண்மை என்பதை ஆராய்வதற்கு நூலறிவுத் துறைகளைவிட விளையாட்டுத் துறையே ஏற்ற களமாகும். நூலறிவில் ஆசிரியரின் வெற்றியும் தோல்வியும் நெடுங்காலம் மறைந்து கிடக்கும். மாணவன் வளர்ந்து, தொழில் புகுந்து, பல ஆண்டுகள் கழிந்த பின்னரே ஆசிரியர் விதைத்தது நெல்லா, புல்லா என்பது தெரியவரும். விளையாட்டிலோ அது வாரந்தோறும், பல்லாயிரவர் காண, எண்களால் எழுதப்பட்டுவிடுகிறது. ஆகவே, கற்பித்தலின் இயல்பை அறிய விரும்பும் ஆசிரியர்கள் காற்பந்துப் பயிற்றுநரின் வாழ்க்கையை ஊன்றி நோக்குதல் பயனுடைய செயலேயாகும்.

நன்னூல் கூறும் நான்கு உவமைகள்

பவணந்தியார் தம் நன்னூலில் நல்லாசிரியர் இலக்கணத்தைக் கூறியதோடு நில்லாமல், ஆசிரியராகத் தகாதவர்க்கும் இலக்கணம் கூறினார். அவர்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என நான்கு பொருள்களை உவமையாக்கினார். கழற்காய்களைப் பெய்த குடத்தைக் கவிழ்த்தால், அவை பெய்த முறையில் வெளிவருவதில்லை. கருக்கு மடல் நிறைந்த பனை, தன்மேல் ஏற முயல்வார்க்கு இடங்கொடாது. தானே உதிர்த்தாலன்றி அதன் பழம் கிட்டாது. பருத்தி அடைத்த குண்டிகை சிறிது சிறிதாகவன்றித் தன்னுள் இருப்பதை வெளிவிடாது. கோணி வளர்ந்த தென்னை, நீர் வார்த்தவனை விட்டு அயலான் மனையிற் காயை உதிர்க்கும்.

இந்நான்கினுள் ஒன்றேனும் வெறும்பொருள் அன்று என்பது கருதத்தக்கது. குடத்தில் காய் உண்டு. பனையில் பழம் உண்டு. குண்டிகையில் பருத்தி உண்டு. தெங்கிலும் காய் உண்டு. குறை பொருளில் இல்லை, கொடுக்கும் முறையில் இருக்கிறது. தகாத ஆசிரியர் என்பவர் அறிவில்லாதவர் அல்லர். உள்ள அறிவை உரிய முறையில், உரியவர்க்கு, உரிய அளவிற் கொடுக்க அறியாதவர்.

காற்பந்துக்கும் இக்கருத்து முழுதும் பொருந்தும். பிறவியிலேயே பெருந்திறன் வாய்ந்த ஆட்டக்காரர், பந்து தம்மிடம் வருமுன்னரே அடுத்து என் செய்வதென்று உணர்ந்துவிடுகிறார். அவ்வுணர்வு அவர் காலில் இருக்கிறது, சொல்லில் இருப்பதில்லை. எப்படிச் செய்தீர் என்று இளையோர் வினவினால், அவரால் மறுபடியும் செய்துகாட்ட முடியுமேயன்றி விளக்க இயலாது. இடைத்தரமான ஆட்டக்காரரின் நிலை வேறு. தம்மினும் விரைவு மிக்கவரோடு போட்டியிட வேண்டியிருப்பதால், அவர் எண்ணி எண்ணி ஆடுகிறார். எங்கே நிற்பது, எப்போது ஓடுவது, எவரை முந்துவது என்பவற்றையெல்லாம் முயன்று கற்கிறார். முயன்று கற்றதைச் சொல்லால் பிறர்க்கு உணர்த்துவது எளிது. எனவேதான், பெருவிண்மீன்களாய்த் திகழாத பலர் பின்னாளிற் பெரும்பயிற்றுநர் ஆயினர்.

கே. இராஜகோபால்

மலேசியக் காற்பந்து வரலாற்றில் இதற்கு எடுத்துக்காட்டாக நிற்பவர் கே. இராஜகோபால். 1956ஆம் ஆண்டிற் பிறந்த அவர், சிலாங்கூர் அணிக்கும் மலேசிய நாட்டணிக்கும் ஆடியவர். எனினும், அவர் காலத்து மலேசியக் காற்பந்தின் பெரும்பெயர்கள் வேறு. தாக்குதலில் மொக்தார் டஹாரி, தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங், கோல் முனையில் 'சிலந்தி மனிதர்' என்று இரசிகர்கள் அழைத்த ஆர். ஆறுமுகம் ஆகியோரையே நாடு கொண்டாடியது. இராஜகோபாலின் பெயர் வீடுதோறும் வழங்கலாயிற்று என்றால், அஃது அவர் ஆடியதனால் அன்று, பின்னாளிற் பயிற்றுவித்ததனாலேயாம்.

அவர் பொறுப்பேற்ற காலத்து நிலைமையை முதலில் உணர்தல் வேண்டும். மலேசியா 1972இல் மூனிக் ஒலிம்பிக் போட்டியில் ஆடிய நாடு. அமெரிக்காவை 3–0 என வென்ற நாடு. 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்ற நாடு. அத்தகைய நாடு, 2007இல் தானும் உடனின்று ஏற்று நடத்திய ஆசியக் கிண்ணப் போட்டியில் சீனாவிடம் 1–5, உஸ்பெகிஸ்தானிடம் 0–5, ஈரானிடம் 0–2 என மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. 2009 ஜனவரியில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகள் அணி மலேசிய மண்ணுக்கே வந்து 5–0 என வென்று சென்றது. அப்போது நாட்டணியின் பயிற்றுநராய் இருந்தவர் மற்றொரு மலேசிய இந்தியரான பி. சத்தியநாதன். அவருக்குப் பின் அவ்வாண்டிலேயே இராஜகோபால் அப்பொறுப்பை ஏற்றார். (சத்தியநாதனும் வீழ்ந்துவிடவில்லை. 2010இல் கிளந்தான் மாநில அணிக்கு முதன்முதலாக மலேசியக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தார்.)

இராஜகோபால் அதற்கு முன்னரே இளையோர் அணிகளைப் பயிற்றுவித்தவர். ஆதலால், புகழ்பெற்ற மூத்தோரைத் தேடி அலையாமல், தாம் அறிந்த இளைஞர்களையே நம்பினார். இம்முடிவின் பயன் ஈராண்டுகளில் இரு முறை வெளிப்பட்டது. அவ்விரு முறையும் ஓர் ஒற்றுமை உண்டு. அவ்வொற்றுமையே இக்கட்டுரையின் உயிர்நாடி.

வியந்தியான், 2009

2009 டிசம்பரில் லாவோஸ் நாட்டின் வியந்தியான் நகரில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. இப்போட்டியின் காற்பந்தில் 1993 முதல் 2007 வரை தொடர்ந்து எட்டு முறை தங்கம் வென்றிருந்தது தாய்லாந்து. மலேசியா கடைசியாகத் தங்கம் வென்றது 1989இல்.

பிரிவு ஆட்டத்தில் மலேசியா வியட்நாமிடம் 1–3 எனத் தோற்றது. அடுத்துத் தாய்லாந்தை எதிர்த்து ஆடி 2–1 என வென்றது. எட்டு முறை வென்ற தாய்லாந்து அரையிறுதிக்கே வராமல் வெளியேறியது. மலேசியா அரையிறுதியில் லாவோசை 3–1 என வென்று, டிசம்பர் 17ஆம் நாள் இறுதியாட்டத்தில் மீண்டும் வியட்நாமையே சந்தித்தது. முன்னர்த் தோற்ற அதே அணி, இடையிற் சென்றவை சில நாள்களே. ஆனால், இம்முறை மலேசியா இடங்கொடாமல் நின்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே எஞ்சியிருக்க, வியட்நாம் தற்காப்பாளர் ஒருவர்மேற் பட்டுப் பந்து அவ்வணியின் கோலுக்குள்ளேயே புகுந்தது. 1–0 என்ற அளவில் இருபது ஆண்டுகளுக்குப் பின் தங்கம் மலேசியாவுக்கு வந்தது.

சொந்தக் கோலால் வந்த வெற்றியைத் தற்செயல் என்பார் உளர். கடைசி ஐந்து நிமிடம்வரை ஒரு கோலும் வாங்காமல் நின்றதும், அந்நேரத்திலும் எதிரணியின் கோல் முனைவரை பந்தைக் கொண்டுசென்றதும் தற்செயல் ஆகா.

ஜகார்த்தாவும் புக்கிட் ஜாலிலும், 2010

ஓராண்டு கழித்துத் தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டி வந்தது. அன்று அதற்குச் சுசுகி கிண்ணம் என்று பெயர். மலேசியா 1996இல் ஒருமுறை இறுதியாட்டம் வரை சென்று தாய்லாந்திடம் தோற்றிருந்ததேயன்றி, அக்கிண்ணத்தை அதுகாறும் தொட்டதில்லை.

டிசம்பர் 1ஆம் நாள் ஜகார்த்தாவில் நடந்த முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியா மலேசியாவை 5–1 என வென்றது. ஐந்து கோல் வாங்கிய அணி மீண்டெழும் என்று எதிர்பார்த்தவர் மிகச் சிலரே. தாய்லாந்துடன் 0–0 எனச் சமநிலை. லாவோசுடன் 5–1 என வெற்றி. நான்கு புள்ளிகளோடு பிரிவில் இரண்டாமிடம் பெற்று மலேசியா அரையிறுதிக்குள் நுழைந்தது. அங்கே முந்தைய வெற்றியாளரான வியட்நாமை, கோலாலம்பூரில் 2–0 என வென்றும், ஹனோயில் 0–0 எனத் தடுத்தும் இறுதியாட்டத்திற்கு வந்தது.

இறுதியில் எதிர்நின்றது இந்தோனேசியா. டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் முதற்பாதி கோலின்றி முடிந்தது. பார்வையாளர் சிலர் ஒளிக்கதிர்க் கருவிகளைப் பாய்ச்சியதால் இந்தோனேசிய அணியினர் முறையிட, ஆட்டம் சில நிமிடங்கள் நின்று மீண்டும் தொடங்கியது. அதன்பின் சாஃபி சாலி இருமுறையும் அஷாரி சம்சுடின் ஒருமுறையும் கோல் போட, மலேசியா 3–0 என வென்றது. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவின் கெலோரா புங் கர்னோ அரங்கில் மறு ஆட்டம். ஆட்டத்தின் முற்பகுதியிலேயே இந்தோனேசியாவுக்குப் பினால்டி கிடைத்தது. அது கோலாகியிருந்தால் அரங்கமே எழுந்து ஆடியிருக்கும். அவ்வணித் தலைவர் பிர்மான் உத்தினா உதைத்த பந்தை 21 வயதுக் கோல்காவலர் கைருல் பஹ்மி தடுத்துப் பிடித்தார். பிற்பாதியில் சாஃபி சாலி மேலும் ஒரு கோல் போட்டார். இந்தோனேசியா 2–1 என அவ்வாட்டத்தை வென்றபோதிலும், இரண்டையும் கூட்டிய கணக்கில் மலேசியா 4–2 என முந்திக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஐந்து கோல்களோடு போட்டியின் முதன்மைக் கோலாளரானவர் சாஃபி சாலி. டிசம்பர் 31ஆம் நாளை அரசு பொது விடுமுறையாக அறிவித்தது.

2009இல் வியட்நாமிடம் 1–3. பின் இறுதியில் வெற்றி. 2010இல் இந்தோனேசியாவிடம் 1–5. பின் இறுதியில் வெற்றி. தன்னை வென்ற அணியையே ஒரு திங்களுக்குள் மீண்டும் சந்தித்து வெல்லுதல் ஒருமுறை நிகழ்ந்தால் ஊழ் எனலாம். இருமுறை நிகழ்ந்தால் அதற்குக் காரணம் காணல் வேண்டும்.

இருபத்தைந்து நாள்களிற் செய்யக்கூடியது யாது?

டிசம்பர் 1ஆம் நாளுக்கும் 26ஆம் நாளுக்கும் இடையில் ஒரு பயிற்றுநரால் ஆட்டக்காரரின் காலை மாற்ற முடியாது. ஓட்டத்தின் வேகத்தைக் கூட்ட முடியாது. இல்லாத திறனை ஊட்டவும் முடியாது. அவர் செய்யக்கூடியவை மூன்றே: ஆளைத் தேர்தல், நிற்கும் இடத்தைத் திருத்தல், உள்ளத்தைத் தேற்றல்.

திருக்குறளை அறிந்தார்க்கு இவை புதியன அல்ல. வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என ஆறு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். தன் வலியையும் மாற்றான் வலியையும் எடைபோடுதல் முதலாக, ஏற்ற ஆளைத் தேர்ந்து அவனிடம் தொழிலை ஒப்படைத்தல் ஈறாக அமைந்த இவ்வரிசை, அரசனுக்காகக் கூறப்பட்டதெனினும், பதினொருவரை ஆளும் பயிற்றுநர்க்கும் அப்படியே பொருந்தும்.

முதலாவது, ஆளைத் தேர்தல். கோல் காக்கும் பொறுப்பு இளையவரான கைருல் பஹ்மியின் கைக்கு வந்தது ஐந்து கோல் வாங்கிய அந்த முதல் ஆட்டத்திற்குப் பின்னரே. அம்மாற்றம் நிகழாதிருந்தால், ஜகார்த்தாவில் பினால்டி தடுத்த கைகளும் அங்கு இருந்திரா. அணித்தலைவர் சாபிக் ரஹிம் முதலிய பலர், முந்தைய ஆண்டு வியந்தியானில் தங்கம் வென்றவர்கள். எஸ். குணாளன், கே. குருசாமி என்னும் தமிழ் இளைஞர்களும் அவ்வரிசையிற் சேர்ந்தவர்களே. தோல்விக்குப் பின் பழைய பெயர்களைத் தேடி ஓடாமல், தாம் வளர்த்த இளைஞர்களுக்கே மறுவாய்ப்பு அளித்தது இராஜகோபாலின் துணிவு.

இரண்டாவது, இடத்தைத் திருத்தல். முதல் ஆட்டத்திற்குப் பின் தாய்லாந்திடமும், அரையிறுதியின் இரு ஆட்டங்களில் வியட்நாமிடமும், இறுதியின் முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடமும் மலேசியா ஒரு கோலேனும் வாங்கவில்லை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஐந்து கோல் வாங்கிய தற்காப்பு அடைபட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மூன்றாவது, உள்ளத்தைத் தேற்றல். இதற்கு எண்ணால் அளவு கூற இயலாது. ஆனால், தோற்ற மாணவனை நாடோறும் காணும் ஆசிரியர்க்கு இதன் அருமை தெரியும். தோல்வி ஓர் அணியை இருவகையில் கெடுக்கும். ஒன்று, எதிரியைக் கண்டு அஞ்சச் செய்யும். மற்றொன்று, தம்முள் ஒருவரையொருவர் குறைகூறச் செய்யும். இவ்விரண்டும் நிகழாமற் காத்தல் பயிற்றுநரின் கடமை. முதல் ஆட்டத்தில் தோற்றதை அவமானமாகக் கொள்ளாமல், எதிரணியின் வலியை முழுதும் காட்டிய பாடமாகக் கொள்ளும் மனநிலை வாய்த்தாலன்றி, அதே அணியை அதே திங்களில் மூன்று கோலால் வெல்லுதல் இயலாது.

ஜெர்மனியின் இரண்டாம் பிரிவிலிருந்து

இவ்வியல்பு மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. மேல்நாட்டில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஜெர்மானியரான யூர்கன் கிளோப். 1967இல் ஸ்டுட்கார்ட்டிற் பிறந்து, கருங்காட்டுப் பகுதியிலுள்ள கிளாட்டன் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். 1990 முதல் 2001 வரை மைன்ஸ் அணிக்காக இரண்டாம் பிரிவில் 325 ஆட்டங்கள் ஆடி, 52 கோல்கள் போட்டார். முதற்பிரிவில் ஒரு நாளும் ஆடியதில்லை. முதலில் தாக்குதலிலும் பின்னர்த் தற்காப்பிலும் ஆடியவர். தம் காலுக்கு நான்காம் பிரிவுத் திறனும் தலைக்கு முதற்பிரிவு அறிவும் இருந்தன என்னும் கருத்தைத் தாமே நகையாகச் சொன்னவர். ஆடிக்கொண்டே பிராங்பர்ட் பல்கலைக்கழகத்தில் விளையாட்டியல் பயின்று, 1995இற் பட்டயமும் பெற்றார்.

அவர்க்கு வழிகாட்டியானவர் 1995இல் மைன்ஸ் அணிக்குப் பயிற்றுநராய் வந்த உல்ஃப்காங் பிராங்க். அந்நாளில் ஜெர்மானிய அணிகள், ஒவ்வொரு தற்காப்பாளரும் எதிரணியில் ஓர் ஆளை ஒட்டிக்கொண்டு காப்பதும், அனைவர்க்கும் பின்னால் ஒருவர் தனியே நின்று பிழையைத் திருத்துவதுமான முறையைப் பின்பற்றின. பிராங்க் அதை மாற்றினார். நால்வர் ஒரு வரிசையாக நின்று, ஆளைக் காவாமல் இடத்தைக் காப்பது. பந்து இருக்கும் பக்கம் அணி முழுவதும் நகர்வது. இம்முறையில் ஒருவர் மற்றவரினும் விரைவாக ஓட வேண்டுவதில்லை. ஒருவர் நிற்குமிடம் மற்றவர்க்குத் தெரிந்திருந்தாற் போதும். தனித்திறன் குறைந்த அணியும் கூட்டறிவால் திறன் மிக்க அணியை வெல்லக்கூடும் என்பதைக் கிளோப் அங்கேதான் கற்றார்.

2001 பிப்ரவரி இறுதியில், தாழ்நிலையில் தத்தளித்த மைன்ஸ் அணி, அன்றுவரை தன் ஆட்டக்காரராய் இருந்த கிளோப்பையே பயிற்றுநராக்கியது. அணி தப்பியது. ஆனால் 2002இல் கடைசி நாளில் தோற்று, முதற்பிரிவுக்கு உயரும் வாய்ப்பை இழந்தது. 2003இல் ஒரே ஒரு கோல் வேறுபாட்டில் மீண்டும் இழந்தது. 2004இல் உயர்ந்தது. பின்னர்ப் போருசியா டோர்ட்முண்ட் அணிக்கு 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் ஜெர்மானியப் பட்டங்களைப் பெற்றுத் தந்தார். லிவர்பூல் அணியோடு 2018இல் ஐரோப்பிய இறுதியாட்டத்தில் தோற்று, 2019இல் அதே கிண்ணத்தை வென்றார். 2020இல் அவ்வணிக்கு முப்பதாண்டுகளுக்குப் பின் ஆங்கிலேயப் பட்டம் கிடைத்தது. இங்கும் அதே வரிசை: முதலில் தோல்வி, பின்னர்ப் பாடம், அதன்பின் வெற்றி.

ஜெர்மானியப் பயிற்றுநர்க்கும் மலேசியாவுக்கும் பழைய உறவும் உண்டு. 1935இற் பிறந்த கார்ல் ஹைன்ஸ் வைகாங் என்பார், ஆடிய பெயரால் அன்றிப் பயிற்றுவித்த பெயராலேயே ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அறியப்பட்டவர். அவர் பயிற்றிய தென்வியட்நாம் 1966இல் மெர்டேக்கா கிண்ணத்தை வென்றது. மாலி 1972இல் ஆப்பிரிக்கக் கிண்ண இறுதியாட்டம் வரை சென்றது. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2–1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்ற மலேசிய அணிக்கும் அவரே பயிற்றுநர். அரசியற் காரணத்தால் மலேசியா மாஸ்கோ செல்லவில்லை. ஆறுமுகம் கோல் காத்த அவ்வெற்றி மட்டும் மக்கள் நினைவில் நின்றுவிட்டது. 1998இல் பேராக் மாநிலத்திற்கு மலேசியக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தவரும் வைகாங்கே. அவர் 2017இல் மறைந்தார்.

பள்ளியாசிரியர் ஒருவர்

ஆசிரியத் தொழிலுக்கும் காற்பந்துப் பயிற்சிக்கும் உள்ள நெருக்கத்தைக் காட்ட இந்தியாவிலிருந்து ஒருவரைக் குறிப்பிடல் வேண்டும். ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். அவர் பயிற்றுநராய் இருந்த காலத்திற்றான் இந்தியா 1951, 1962 ஆகிய ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர் அணியில் ஆடித் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் போட்டவர் தமிழரான சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் காற்பந்தில் இந்தியா போட்ட கடைசிக் கோல் அதுவே. அந்தச் சைமன் சுந்தரராஜ் பின்னர்த் தாமும் பயிற்றுநராகி, 1973இல் கேரள மாநிலம் முதன்முதலாகச் சந்தோஷ் கிண்ணத்தை வெல்லச் செய்தார். ஆசிரியர் ஒருவரிடம் கற்றவர் தாமும் ஆசிரியராகி, அயல் மாநிலத்து இளைஞரை வாகை சூடச் செய்த வரலாறு இது.

உயர்ந்தபின் நிற்றல்

இராஜகோபாலின் வரலாற்றை 2010ஆம் ஆண்டோடு முடித்துவிடுதல் நேர்மையன்று. 2011இல் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மலேசியா சிங்கப்பூரிடம் 3–5, 1–1 என்ற கணக்கில் வெளியேறியது. 2012இல் தன் கிண்ணத்தைக் காக்க ஆடியபோது, முதல் ஆட்டத்தில் சிங்கப்பூரிடம் 0–3 எனத் தோற்று, மீண்டெழுந்து அரையிறுதி வரை வந்தும், தாய்லாந்திடம் கூட்டுக் கணக்கில் 1–3 எனத் தோற்றது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பணிக்காலம் முடிந்தது. கிண்ணம் வந்த நாளில் தோளில் தூக்கியவர்களிற் பலர், கிண்ணம் போன நாளிற் குறை கூறினர். இஃது எல்லா நாட்டிலும் பயிற்றுநரின் ஊழ்.

எனினும், காலம் செல்லச் செல்ல 2010இன் மதிப்பு குறையவில்லை, கூடியது. மலேசியா 2014இலும் 2018இலும் அதே போட்டியின் இறுதியாட்டம் வரை சென்றும் கிண்ணத்தைக் கொணர இயலவில்லை. இராஜகோபாலின் இளைஞர்கள் கொணர்ந்த அந்த ஒரு கிண்ணமே மலேசியாவின் முதற் கிண்ணமாகவும், அவ்விரு முயற்சிகளுக்குப் பின்னும் ஒரே கிண்ணமாகவும் நின்றது.

தோட்டத்துத் திடல்கள்

இவ்வரலாறு கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் வாழும் தமிழர்க்கு எவ்வகையில் உறவுடையது? சுங்கைப் பட்டாணி வட்டாரத்துச் சிடாம் கிரி போன்ற பகுதிகளில் இரப்பர்த் தோட்டம் செழித்திருந்த நாளில், தோட்டந்தோறும் கோயில் ஒன்று, பள்ளி ஒன்று, திடல் ஒன்று என்ற அமைப்பு இருந்தது. பால்மரத் தொழிலாளி காலையில் மரம் சீவி, மாலையிற் பந்து உதைத்தான். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடந்தது. மலாய் மொழியிற் கிரி என்பது இடம். கனான் என்பது வலம். சிடாம் கிரி, சிடாம் கனான் என்னும் அவ்வூர்ப் பெயர்களைப் போலவே திடலின் இடப்பக்கமும் வலப்பக்கமும் தோட்டத்துச் சிறுவர்க்குப் பழகியனவாய் இருந்தன.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்திற் பல வீடமைப்பாயின. குடிகள் பட்டணத்திற்குப் பெயர்ந்தனர். திடலும் அவர்களோடு பெயர்ந்து செல்லவில்லை. மலேசியாவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல, மாணவர் தொகை குறைந்த பள்ளிகள். மொத்தம் முப்பது பிள்ளைகள் உள்ள பள்ளியில் பதினொருவர் கொண்ட அணியைத் திரட்டுதலே அரிது. திரட்டினாலும், அவர்களுள் நாட்டணிக்கு ஆடும் திறன் வாய்ந்தவர் ஒருவரேனும் இருப்பார் என்று உறுதி கூற முடியாது.

ஆனால், மேற்கூறிய வரலாறுகள் உணர்த்தும் உண்மை இவ்விடத்திற்றான் பயன்படுகிறது. விளையாட்டில் முதலிடம் பெறாத பிள்ளைக்கும் விளையாட்டில் இடமுண்டு. விரைந்து ஓட இயலாத பிள்ளை, எவன் எங்கே நிற்கிறான் என்று கூர்ந்து நோக்குகிறானா? தோற்ற ஆட்டத்தைப் பற்றி அழுது ஓய்ந்தபின், ஏன் தோற்றோம் என்று வினவுகிறானா? தன்னினும் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது பொறுமையோடு சொல்கிறானா? இம்மூன்றும் உடையவனிடம் பயிற்றுநராகும் வித்து இருக்கிறது. பிள்ளைகள் சிலரே உள்ள பள்ளியில் ஆசிரியர் ஒவ்வொருவரையும் நன்கு அறிவார். ஆகவே, அவ்வித்தைக் கண்டுகொள்வதற்குப் பெரும்பள்ளியினும் சிறுபள்ளியே ஏற்ற இடம்.

அவ்வித்து வளர்வதற்குரிய வழியும் இன்று திறந்திருக்கிறது. ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைமையகமே கோலாலம்பூரில் உள்ளது. சி, பி, ஏ என்னும் படிகளில் ஏறி, மேலே தொழில்முறைச் சான்றிதழ் வரை செல்லும் பயிற்றுநர்க் கல்வி, ஆசிரியப் பயிற்சி போன்றே முறையாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஆட்டக்காரராய்ப் பெரும்புகழ் பெற்றிருத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் அதன் தொடக்கப் படியில் இல்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியிலிருந்து எழுந்த அணி, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரோடு நாட்டின் உயர்பிரிவில் ஆடியது. 2022ஆம் ஆண்டுப் பருவத்திற்குப் பின் விலகிக்கொண்டது. அணிகள் தோன்றும், மறையும். கற்பிக்கத் தெரிந்தவர்கள் ஊர்தோறும் இருந்தால், மறைந்த அணியின் இடத்தில் மற்றொன்று தோன்றும்.

ஐந்து கோல் வாங்கிய நாளில் இராஜகோபால் தம் இளைஞர்களைக் கைவிட்டிருந்தால், அவரைக் குறை கூறுவார் எவரும் இருந்திரார். அவர் கைவிடவில்லை, இருபத்தைந்தாம் நாள் அதே எதிரியின் முன் அவர்களை நிறுத்தினார். தேர்வில் தவறிய மாணவனின் விடைத்தாளைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர் செய்ய வேண்டுவதும் அதுவே. சிவப்பு மையில் இட்ட எண்ணோடு பாடம் முடிந்துவிடுவதில்லை. எந்த வினாவில், எக்காரணத்தால் தவறினான் என்று அவனோடு அமர்ந்து பார்க்கும்போதுதான் பாடம் தொடங்குகிறது.